இலை சொல்லும் மரத்தின் பெயர்

இல்லமும் தோட்டமும்

வடகிழக்குப் பருவமழை நாலைந்து நாட்கள் பெய்து ஓய்ந்தபின் கொல்லைப்புறத்தைச் சற்றே குனிந்து பாருங்கள். கிணற்றடியிலும் மதிலோரத்திலும் தண்ணீர்த் தொட்டியின் நிழலிலும் ஆட்டுக்கொட்டிலின் வாயிலிலும் விரல் உயரத்தில் எத்தனையோ பச்சைத் தலைகள் எட்டிப் பார்க்கும். காகமும் மைனாவும் எச்சத்தோடு இட்ட விதைகள் சில. வௌவால் கடித்துப் போட்ட கொட்டைகள் சில. நாமே தின்று எறிந்தவை சில.

அவற்றுள் எது களை, எது மரம் என்று நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. பெருநாள் நெருங்குகிறது, வீட்டில் கலியாணம் வருகிறது என்றால் ஓர் ஆளை அழைத்து, “எல்லாவற்றையும் செதுக்கிவிடு” என்று சொல்லிவிடுகிறோம். மண்வெட்டிக்கு வேம்பும் ஒன்றுதான், வேலிக்கருவையும் ஒன்றுதான். ஆனால் அதன் பின்விளைவு ஒன்றன்று. செதுக்கப்பட்ட வேம்பு போய்விடும். மேலோடு வெட்டப்பட்ட வேலிக்கருவையோ அடுத்த மழையில் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்து நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படியே நடந்தால், வேண்டிய மரம் ஒன்றும் இல்லாமல் வேண்டாத முள் மட்டுமே எஞ்சிய கொல்லை நமக்கு மிஞ்சும். பல ஊர்களில் மையவாடிகள் முட்காடானதற்கும் இதுவே ஒரு காரணம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலை அப்பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. தென்னை, மா, பலா, வேம்பு என்று தலைமுறைகள் வளர்த்த மரங்கள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. அத்தகைய இழப்புக்குப் பிறகு மழையில் தானே முளைத்து வரும் ஒவ்வொரு கன்றும் ஒரு செல்வம். அதனை அடையாளம் காணத் தெரியாமல் பிடுங்கி எறிவது, வாசலுக்கு வந்த செல்வத்தைத் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பாகும். பூவும் காயும் வந்தபின் மரத்தை அறிவது எளிது. ஆனால் காப்பதா, களைவதா என்று முடிவெடுக்க வேண்டிய பருவத்தில் கன்றிடம் இருப்பது இலை ஒன்றே. ஆகவே இம்மாதம் இலையைக் கொண்டு இளங்கன்றை அறியும் முறையைப் பார்ப்போம்.

முதல் இலையை நம்பாதீர்கள்

விதை முளைத்தவுடன் முதலில் வெளிப்படுவன பல கன்றுகளில் உண்மையான இலைகள் அல்ல. அவை வித்திலைகள், விதைக்குள் இருந்த பருப்பின் இரு பாதிகள். புளியங்கன்றைப் பாருங்கள். தடித்த இரு பருப்புகளைத் தண்டின் மேல் தூக்கிக்கொண்டு அது மண்ணைவிட்டு வெளியே வரும். மாங்கன்றிலோ பருப்பு மண்ணுக்குள் கொட்டையிலேயே தங்கிவிட, செம்பு நிறத் தளிர் மட்டும் மேலே வரும்.

வித்திலைக்குப் பின் வரும் முதல் சில இலைகளும் வளர்ந்த மரத்தின் இலையைப் போல் இருக்க வேண்டும் என்பதில்லை. குழந்தையின் முகமும் முதியவரின் முகமும் வேறுபடுவது போல, கன்றின் இலையும் மரத்தின் இலையும் வேறுபடும். வேப்பங்கன்றின் முதல் இலைகள் நாமறிந்த நீண்ட ஈர்க்கோடு வருவதில்லை; ஆழமாக வெட்டுப்பட்ட மூன்று சிற்றிலைகளாகவே வரும். புங்கங்கன்றின் முதல் இலைகள் தனித்தனி ஒற்றை இலைகள். பிறகே மூன்றாகவும் ஐந்து ஏழாகவும் சிற்றிலைகள் சேர்ந்த இலை வரும். இளம் பலாக்கன்றின் இலைகளுட் சில ஓரத்தில் வெட்டுப்பட்டு, மூன்று விரல் விரித்தாற்போல் இருக்கும். அதைக் கண்டு ஈரப்பலா என்று எண்ணுவோர் உண்டு. நம் பக்கத்தில் வளர்க்கப்படும் ஈரப்பலா பெரும்பாலும் விதையில்லாத வகை. வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பிரித்தே அதை நடுகிறார்கள். எனவே பழக்கொட்டை விழுந்த இடத்தில் தானே முளைத்தது பலாவே என்று கொள்ளலாம். அது வளர வளர இலை வெட்டின்றி முழுமையாகிவிடும்.

இந்த மாற்றத்தின் எல்லையைக் காண விரும்பினால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் நடப்பட்ட அக்கேசியா மரத்தைப் பாருங்கள். அதன் கன்றில் முதலில் வருவது கருவேலத்தைப் போன்ற நுண்ணிய சிற்றிலைகள் கொண்ட இலை. சில இலைகளுக்குப் பின் சிற்றிலைகள் மறைந்து, இலைக்காம்பே அகன்று வளைந்து, கத்தி போன்ற இலையாகிவிடும். வளர்ந்த மரத்தில் நாம் இலை என்று காண்பது உண்மையில் அகன்ற காம்புதான். நீலகிரியில் பெருகியுள்ள யூகலிப்டஸ் வகையிலும் இவ்வாறே. இளங்கன்றில் சாம்பல் பூத்த அகன்ற இலைகள் காம்பின்றி எதிரெதிராக ஒட்டியிருக்கும். மரமானபின் அரிவாள் போல் நீண்டு தொங்கும்.

ஆதலால் முளைத்த வாரத்திலேயே தீர்ப்புக் கூற வேண்டாம். ஐந்தாறு உண்மை இலைகள் வரும்வரை பொறுத்திருந்து பாருங்கள். அதற்குமுன் அறிந்தே ஆகவேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. கன்றின் அடிமண்ணை விரலால் மெல்லக் கிளறுங்கள். விதையோ அதன் தோலோ அடியில் ஒட்டியிருந்தால் அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

எது இலை, எது சிற்றிலை?

இலையைக் கொண்டு மரத்தை அறிய முயல்வோர் முதலில் தடுமாறுவது இங்கேதான். வேம்பின் ஈர்க்கில் இருபுறமும் வரிசையாக இருப்பவை தனித்தனி இலைகளா? இல்லை, ஈர்க்கும் அதிலுள்ள அனைத்தும் சேர்ந்ததே ஓர் இலை. அதைக் கூட்டிலை என்றும் அதன் உறுப்புகளைச் சிற்றிலை என்றும் கூறுவர். மா, பலா, நாவல் போன்றவற்றில் ஒரு காம்புக்கு ஓர் இலையே, அது தனியிலை.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, மொட்டைத் தேடுவது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் சிறு மொட்டு ஒன்று இருக்கும்; நாளைய கிளை அதிலிருந்துதான் வரும். சிற்றிலையின் அடியில் அத்தகைய மொட்டு இருப்பதில்லை. மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கே தொடங்குவதே இலை.

நெல்லி மட்டும் இதில் நம்மை ஏமாற்றப் பார்க்கும். மெல்லிய குச்சியில் இருபுறமும் நெருக்கமாக அடுக்கியிருக்கும் அதன் இலைகளைக் கண்டால் புளியைப் போலக் கூட்டிலை என்றே தோன்றும். ஆனால் அவை தனியிலைகள். ஈர்க்காகத் தோன்றுவது சிறுகிளை. பூக்கும் காலத்தில் அந்த நுண்ணிலைகளின் அடியிலேயே பூக்கள் வருவதைக் காணலாம். சிற்றிலையின் அடியில் பூ வருவதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது இலைகள் தண்டில் அமைந்திருக்கும் முறை. ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கின்றனவா, ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறி நிற்கின்றனவா, மூன்று சேர்ந்து நிற்கின்றனவா? நாவல், கொய்யா, தேக்கு, நுணா, மருதாணி ஆகியவற்றில் எதிரெதிர். மா, பலா, வேம்பு, புங்கம், அரசு, பூவரசு ஆகியவற்றில் மாறி மாறி. இந்த ஒரு கேள்வியே ஐயத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பிறகு ஓரம்: வழுவழுப்பா, இரம்பப் பல்லா? நுனி: கூரா, மழுங்கலா, வாலா? கடைசியாக, ஓர் இலையைக் கிள்ளினால் பால் வடிகிறதா, கசக்கினால் மணம் என்ன? இவ்வளவையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஒன்றுபோல் தோன்றும் உறவினர்கள்

வேம்பு, கறிவேப்பிலை, மலைவேம்பு: இம்மூன்றும் கன்றாக இருக்கையில் பலரையும் குழப்பும். கிள்ளிய சிற்றிலையின் ஓரம் இரம்பம் போலிருந்து, சற்றே அரிவாள் வளைவோடு அடிப்பாகம் ஒருபக்கம் பெரிதும் ஒருபக்கம் சிறிதுமாக இருந்தால் வேம்பு. ஓரம் ஏறத்தாழ வழுவழுப்பாக இருந்து, கசக்கியவுடன் தாளிப்பு மணம் எழுந்தால் கறிவேப்பிலை. ஈர்க்கிலிருந்து மேலும் கிளை ஈர்க்குகள் பிரிந்து அவற்றில் சிற்றிலைகள் இருந்தால் மலைவேம்பு. வேம்பில் ஈர்க்கு ஒருமுறையே. மலைவேம்பில் ஈர்க்குக்குள் ஈர்க்கு. நிழலுக்காக வேம்பு வைக்க விரும்பியவர் கையில் மலைவேம்பு கிடைத்தால், மரத்தொழிலுக்கென வளர்க்கப்படும் வேறொரு மரம் அவர் வாசலில் நிற்கும். வாங்கும்போதே ஈர்க்கைப் பார்த்துவிடுவது நல்லது.

மருதாணியும் மாதுளையும்: இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிறிய இலைகள் எதிரெதிராக அமைவதும், கிளைநுனி சில வேளை முள்ளாவதும் இரண்டுக்கும் பொது. மாதுளையின் இலை சற்று நீண்டு பளபளக்கும். தளிர் பெரும்பாலும் செம்மை படர்ந்திருக்கும். ஐயம் தீர வேண்டுமென்றால் நாலைந்து இலைகளைச் சிறிது நீர் விட்டு அரைத்து நகத்தின் மேல் அரைமணி நேரம் வையுங்கள். நிறம் பிடித்தால் மருதாணி. பெருநாளைக்குக் கை சிவக்க வேண்டும் என்று காத்திருக்கும் பெண் பிள்ளைகளே இந்தச் சோதனையை மகிழ்ச்சியோடு செய்து முடிப்பார்கள்.

அரசும் பூவரசும்: இரண்டுக்கும் இதய வடிவ இலை, காம்பு நீளம். ஆனால் அரசிலையின் நுனி வால் போல் நீண்டு ஒடுங்கும். கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். பூவரசுக்கு அந்த நீண்ட வாலும் இல்லை, வெள்ளைப் பாலும் இல்லை. நரம்புகள் இலையின் அடியிலிருந்தே விரல்கள் போல் விரியும். சிறுவர் சுருட்டிப் பீப்பீ ஊதும் இலை இதுவே. இந்த வேறுபாட்டை அறிவதில் பெரும் பொருள் அடங்கியிருக்கிறது. கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றையும் தாங்கி நிழல் தரும் பூவரசைக் காக்க வேண்டும். அரசோ, திறந்த வெளியில் அருமையான மரம். ஆனால் வீட்டுச் சுவரிலும் பள்ளிவாசல் மனாராவின் இடுக்கிலும் பறவை எச்சத்தால் முளைத்தால் அதன் வேர் காரையைப் பிளந்துவிடும். ஆலுக்கும் இதுவே பொருந்தும். நாலு இலை இருக்கும்போது வேரோடு எடுத்து, விரும்பினால் ஊர்ப் பொதுவெளியில் நட்டுவிடலாம். தலையை மட்டும் கிள்ளிவிட்டால் மீண்டும் துளிர்க்கும். ஆண்டுகள் சென்றபின் கொத்தனாரை அழைத்துச் சுவரை இடித்தே வேரை எடுக்க நேரும்.

வேலிக்கருவை, கருவேலம், வன்னி: முட்கன்று என்றாலே வேலிக்கருவை என்று முடிவு கட்டிவிடலாகாது. சீமைக்கருவேலம் என்றும் வேலிக்கருவை என்றும் நாம் அழைக்கும் மரம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது; 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆடும் மாடும் அதன் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புவதால் கொட்டிலைச் சுற்றி அது மிகுதியாக முளைக்கும். கருவேலமும் வன்னியும் நம் மண்ணின் மரங்கள். மூன்றிலும் ஈர்க்குக்குள் ஈர்க்கு. முதல் இலை மட்டும் எளிமையாக வரும் என்பதால் நாலைந்து இலைகள் வந்தபின் எண்ணிப் பாருங்கள். வேலிக்கருவையில் கிளை ஈர்க்குகள் பெரும்பாலும் ஒரு சோடி அல்லது இரண்டு சோடியே. சிற்றிலைகள் சற்று நீண்டவை. கருவேலத்தில் மூன்று முதல் ஆறு சோடிகளோ அதற்கு மேலுமோ இருக்கும். சிற்றிலைகள் மிகச் சிறியவை. கணுதோறும் நேரான வெண்முள் இரண்டிரண்டாக நிற்கும். வன்னியின் ஈர்க்குகள் வேலிக்கருவையைப் போலவே குறைவு. ஆனால் முள் இருக்குமிடம் வேறு. வேலிக்கருவையில் முள் இலை பிறக்கும் கணுவில் இருக்கும். வன்னியில் கணுக்களுக்கு இடையே தண்டில் அங்குமிங்குமாகச் சிதறியிருக்கும். வேலிக்கருவை என்று உறுதியானால், மழையீரத்தில் மண் இளகியிருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். முழங்கால் உயரத்தில் ஒருவர் பிடுங்கக்கூடியதை, ஆளுயரம் வளரவிட்டால் இயந்திரம் வைத்தே எடுக்க வேண்டும்.

புல்லென்று எண்ணிப் பிடுங்காதீர்கள்

நோன்புக் காலம் முடிந்து சில மாதங்கள் கழித்துக் கொல்லையில் தடித்த புல் போன்ற ஒற்றை இலை ஒன்று விறைப்பாக மேலெழுவதைக் காணலாம். நீளவாக்கில் மடிப்புண்ட ஈட்டி போன்ற இலை. புல்லுக்குரிய கணுக்கள் அதில் இரா. அடிமண்ணைக் கிளறினால் நோன்பு திறக்கையில் நாம் எறிந்த பேரீச்சங்கொட்டை அகப்படும். பனையின் முதல் இலையும் இப்படி நாடா போன்றதே. விசிறி பின்னரே விரியும். தமிழ்நாட்டின் மாநில மரமான பனை, இலையை வெளியே காட்டுமுன் மண்ணுக்குள் ஆழமாக முளையை இறக்கிவிடுவதால் இழுத்தால் எளிதில் வராது. புல்லென்று இழுத்தது கைக்கு வராவிட்டால் ஒருமுறை நிதானித்துப் பாருங்கள்.

தென்னம்பிள்ளையின் முதல் இலைகளும் பிளவுபடாத முழு இலைகளே. இதைக் கொண்டு நல்ல பிள்ளையைத் தேர்ந்தெடுக்கவும் முடியும். ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வயதுடைய பிள்ளைகளுள், ஆறு இலைகளுக்குக் குறையாமலும், கழுத்தின் சுற்றளவு 10 செ.மீ.க்குக் குறையாமலும், மற்றவற்றுக்கு முந்தி இலை பிளவுபடத் தொடங்கியதும் ஆனதையே வாங்குங்கள். முந்திப் பிளவுபடுவது வீரியத்தின் அடையாளம்.

சமையலறைக்கு ஓர் எச்சரிக்கை

இலையை அறியும் கலையில் உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடிய இடமும் ஒன்றுண்டு. நம் வீடுகளில் பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் இடும் பிரிஞ்சி இலையை எடுத்துப் பாருங்கள். அடியிலிருந்து நுனி நோக்கி மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடும். கறுவாப்பட்டை மரத்தின் இலையும் இத்தகையதே. ஆனால் மூன்று நரம்பு ஓடும் இலையெல்லாம் பிரிஞ்சி அல்ல. எட்டி மரத்தின் இலையிலும் மூன்று அல்லது ஐந்து நரம்புகள் அடியிலிருந்தே நீளவாக்கில் ஓடும். பளபளப்பான, எதிரெதிராக அமைந்த, அழகிய இலை அது. எட்டியின் விதை, பட்டை, இலை எல்லாமே நஞ்சு. பிரிஞ்சியையும் கறுவாவையும் கசக்கினால் நறுமணம் எழும். எட்டியில் அந்த நறுமணம் இராது. ஆயினும் மணத்தை மட்டும் நம்பி, தானே முளைத்த கன்றின் இலையைச் சட்டியில் இட வேண்டாம். கடையில் வாங்கியதையோ, பெயர் உறுதியாகத் தெரிந்த மரத்தினுடையதையோ அல்லாமல் வேறெதையும் உணவில் சேர்க்கலாகாது.

அரளியையும் அறிந்து வையுங்கள். செவ்வரளியில் ஒடுங்கி நீண்ட இலைகள் ஒரு கணுவுக்கு மூன்றாகச் சூழ்ந்து நிற்கும். மஞ்சள் அரளியில் அதனினும் ஒடுங்கிய இலைகள் தண்டைச் சுற்றி மாறி மாறி வரும். கிள்ளினால் பால் வடியும். இரண்டும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை. மஞ்சள் அரளியின் கொட்டையால் மாண்டவர் தமிழகத்திலும் இலங்கையிலும் பலர். தவழும் குழந்தையும் ஆடும் உள்ள வீட்டு முற்றத்தில் இக்கன்றுகள் வேண்டாம். பிடுங்கியபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். எரிக்காதீர்கள், அதன் புகையும் தீங்கானது. குழந்தை எதையேனும் மென்றுவிட்டதாக ஐயமிருந்தால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல், மென்ற இலையையோ காயையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இலையின் பெயர் தெரிந்தால் மருத்துவரின் வேலை விரைவாகும்.

இலையை அறிவதற்காக எதையும் நாவில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அறவே கூடாது. புளியந்தளிரின் புளிப்பும் வேம்பின் கசப்பும் நமக்குத் தெரிந்தவைதாமே என்று பிள்ளைகள் எல்லாவற்றையும் சுவைக்கத் தொடங்குவார்கள். கண்ணும் மூக்கும் போதும். நாக்கு வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவைப்பது பெரியவர்களின் பொறுப்பு.

ஒட்டுக்கன்று வாங்குவோர் கவனிக்க

நர்சரியில் விலை கொடுத்து வாங்கும் ஒட்டுக்கன்றிலும் இலை நமக்கு உதவும். சப்போட்டாவை நம் நாட்டில் பாலா என்னும் காட்டுமரக் கன்றின் மேல் ஒட்டுக் கட்டுவது வழக்கம். ஒட்டின் மேலே இருப்பது சப்போட்டா. கீழே இருப்பது பாலா. நட்டபின் நீரும் எருவும் கண்ட மகிழ்ச்சியில் ஒட்டுக்குக் கீழிருந்தும் தளிர்கள் கிளம்பும். கன்று செழிக்கிறது என்று அவற்றை விட்டுவைத்தால், சில ஆண்டுகளில் மேலிருக்கும் சப்போட்டா நலிந்து, கீழிருந்து வந்த பாலா மரமாகிவிடும். இலையைப் பாருங்கள். சப்போட்டாவின் இலை நுனி ஒடுங்கியது. பாலாவின் இலை நுனிப்பக்கம் அகன்று, முனையில் சிறு பிளவோடு இருக்கும். நுனி பிளந்த இலை தெரிந்தால் அத்தளிரை அடியோடு கிள்ளிவிடுங்கள்.

ஆனால் இலைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒட்டு மாங்கன்றில் மேலும் மா, கீழும் மா என்பதால் இலை இங்கே அதிகம் சொல்லாது. ஒட்டு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதன் கீழ் வரும் அனைத்தையும் நீக்குவதே வழி. விதையிலிருந்து முளைத்த பேரீச்சை ஆணா பெண்ணா என்பதை இலையைப் பார்த்துச் சொல்ல இயலாது. பூத்த பின்னரே தெரியும். பப்பாளியும் அப்படியே. நாட்டு மாங்கொட்டையிலிருந்து வந்த கன்று தாயைப் போலவே கனி தருமா என்பதையும் இலை உரைக்காது. இலை மரத்தின் இனத்தைச் சொல்லும். குணத்தைக் காலம்தான் சொல்லும்.

வீட்டுக்கொரு இலைப்புத்தகம்

இவ்வளவையும் நினைவில் வைத்திருப்பது எப்படி என்று மலைக்க வேண்டாம். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். உங்கள் வீட்டிலும் தெருவிலும் நிற்கும், பெயர் உறுதியாகத் தெரிந்த பத்து மரங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் வளர்ந்த இலை ஒன்றை எடுத்து, செய்தித்தாள்களுக்கிடையே வைத்துக் கனமான பொருள் ஏற்றி ஒரு வாரம் உலர்த்துங்கள். பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, பெயர், எடுத்த இடம், தேதி, எதிரெதிரா மாறி மாறியா, பால் உண்டா, மணம் என்ன என்று எழுதுங்கள். அம்மரத்தின் கீழேயே முளைத்திருக்கும் கன்றைத் தேடி, அதன் சிற்றிளம் இலையையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள். தாயும் பிள்ளையும் ஒரே பக்கத்தில் அமைந்துவிட்டால் பிறகு வேறு நூல் தேவைப்படாது. பால் வடியும் இலைகளைப் பெரியவர்களே எடுத்துக் கொடுக்க வேண்டும். அரளியையும் எட்டியையும் ஒட்டாமல் படமாக வரைந்தால் போதும்.

இன்று கைப்பேசியில் இலையைப் படமெடுத்தால் பெயர் சொல்லும் வசதிகள் வந்துவிட்டன. அவை துணைக்கு நல்லவைதாம். ஆனால் அவற்றுக்கு மிகுதியாகத் தெரிந்திருப்பது வளர்ந்த இலையும் பூவும். மூன்று அங்குலக் கன்றைக் காட்டினால் தடுமாறுவதுண்டு. கைப்பேசி சொன்ன பெயரைக் கணு, ஓரம், பால், மணம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள். நூலில் இல்லாத ஊர்ப்பெயரும் பயனும் அவர்கள் வாயிலிருந்து வரும். இலைப்புத்தகத்தில் அவற்றையும் குறித்து வைத்தால் அடுத்த தலைமுறைக்கு உதவும்.

அடுத்த முறை கொல்லையைச் செதுக்க ஆள் வரும் நாளுக்கு முதல்நாள் மாலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். காக்க வேண்டிய கன்றுகளின் அருகே ஒரு குச்சியை நட்டு, அதில் பழைய துணிக் கிழிசலைக் கட்டுங்கள். பெயர் தெரியாத கன்றுகளுக்கும் ஒரு குச்சி நடுங்கள்; ஐந்தாறு இலை வரும்வரை அவற்றுக்குத் தவணை கொடுங்கள். வேலிக்கருவையையும் சுவரோர அரசையும் அப்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். இடம் போதாத வீட்டில் முளைத்த நல்ல கன்றை மழை முடிவதற்குள் வேர்மண்ணோடு பெயர்த்து, பள்ளிவாசல் வளாகத்திலோ மையவாடி ஓரத்திலோ நட்டுவிடலாம். மரம் நடுவது நிலைத்த தர்மம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். விதைத்தது பறவையாக இருந்தாலும், அதை அறிந்து காத்து வளர்த்தவருக்கும் அந்த நிழலில் பங்குண்டு என்று நம்புவோம்.